ஆட்காட்டி

பதினோராயிரத்து நானூறு பேர் பின்தொடர்ந்த கணக்கை
மார்ச் கடைசியில், சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்,
சமையலறை மேசையில் உட்கார்ந்து
மூட்டை கட்டினார் வீப்ரன்.

மூட்டை என்றால் ஒரு ஜிப் கோப்பு.
ஒன்பது வருடம், மூன்று ஜிபி.
இறங்கி முடிக்க நாற்பது நிமிடம்.
அதற்குள் இரண்டு முறை கேட்டது,
உண்மையிலேயே போகிறீர்களா?
இருந்த காலத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை
நலமா என்று.

காரணம் கேட்டால், முட்டை என்பார்.
ஃப்ரீஸ்லாந்தின் ஈரப் புல்வெளியில்
குழிந்த மண்ணில் நான்கு,
பாசி நிறத்தில் மை தெளித்தது போல.
டிராக்டர் ஏறிவிடாமல் இரண்டு குச்சி நட்டு
ஒரு படம் எடுத்துப் போட்டார்.
படத்தின் அடியில்
அவர் எழுதாத வரியொன்றை அதுவே எழுதிக்கொண்டது:
எந்த வாய்க்கால், எந்த வயல்.

மறுநாள் குச்சிகள் இருந்தன.

அந்தப் பறவையின் பங்காளிக்கு
நம் மொழியில் பெயர் ஆட்காட்டி.
ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும்.
வீப்ரனுக்கு இது தெரியாது.
தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்,
பிறகு யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று.

புது இடம் யில்டோவுடையது.
சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில்
டயர்களுக்கு நடுவே பழைய கணினி ஒன்று
இரவும் பகலும் உறுமுகிறது. அதுதான் சர்வர்.
அதன் மேல், சூட்டுக்காக, பூனை.
முந்நூற்றுச் சொச்சம் குடி.
மாதம் இரண்டு யூரோ, முடிந்தவர்கள் தரலாம்.

"கடலுக்குக் கரை கட்டாத காலத்தில்
இங்கே ஒவ்வோர் ஊரும் ஒரு மண்மேடு"
என்றாள், செயினைத் துடைத்தபடி.
"தண்ணீர் ஏறினால் தனித்தனித் தீவு.
படகு இருந்தது. போய்வந்தார்கள்.
அவ்வளவுதான் இதுவும்."

அவ்வளவுதான் இல்லை.
முதல் வாரம் ஒருவரும் பேசவில்லை.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல
காலையில் எழுந்ததும் சிவப்புப் புள்ளியைத் தேடினார்.
பழைய ஆட்களில் எண்பத்தாறு பேர் வந்தார்கள்.
மற்றவர்கள், பந்தியில் இடம் பிடித்தவர்கள் சொல்வது போல,
நீங்கள் போங்கள், பின்னாலேயே வருகிறோம் என்றார்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய் இரவு எல்லாம் நின்றுபோனது.
பூனை வயரை இழுத்துவிட்டது, மன்னியுங்கள்
என்று விடிந்ததும் எழுதினாள் யில்டோ.
வீப்ரன் வாய்விட்டுச் சிரித்தார்.
ஒன்பது வருடம் இருந்த இடத்தில்
தவறு நடந்திருக்கிறது, நிறையவே.
தவறு செய்தவருக்குப் பெயர் இருந்ததில்லை.

மே மாதம் வேறொரு சர்வரிலிருந்து,
எஸ்தோனியக் கடற்கரையிலிருந்து,
ஹெல்வே என்றொருத்தி எழுதினாள்:
குஞ்சுகள் பறந்துவிட்டனவா?
எந்த வயல் என்று கேட்கவில்லை.
அன்று மாலை அவளுக்கு நீளமாகப் பதில் எழுதினார்,
தேநீர் ஆறும்வரை.

ஆனாலும் பழைய கணக்கை அவர் அழிக்கவில்லை.
மூட்டையில் அவருடைய சொற்கள்தாம் வந்தன.
ட்சேர்ட் சொன்னதெல்லாம் ட்சேர்டின் கணக்கு,
ட்சேர்ட் செத்து நான்கு வருடம் ஆகிறது,
செத்தவர்கள் ஜிப் கோப்பு கேட்பதில்லை.

எனவே நவம்பரில் ஒரு நாள்
கடவுச்சொல்லை நினைவுபடுத்திக்கொண்டு,
காது கேட்கும் கருவி விளம்பரம் இரண்டைத் தள்ளிவிட்டு,
மங்கலான ஒரு படம்வரை இறங்கிப்போய்
அடியில் இருப்பதை வாசித்துவிட்டு வருகிறார்:

கண்ணாடியை மாற்று, வீப்ரன்.
அது முட்டை இல்லை. ஆட்டுப் புழுக்கை.