பெர்ஹெந்தி

மூன்றாம் நாளும் கணினி அதையேதான் சொன்னது:
குறை மரபணு. பாதியில் அறுந்தது.

பத்து மாவுங் கூண்டுகளில்
கூ டெய்க் ஹினின் சியாக்காப் மீன்கள்
வெள்ளை வயிறு காட்டி மிதந்த விடியலில்
மினரல் வாட்டர் போத்தலில் அவரே அள்ளி வந்த தண்ணீர்.
தே ஓ நிறம்.
மூடியில் நீல மையில் தேதி.

யூ, ஜி, ஏ.
மூன்றெழுத்து. பாடநூல் தரும் பொருள்: நில்.
சந்திமுனைச் சிவப்புப் பலகையில் இருக்கும் அதே சொல்,
பெர்ஹெந்தி.
பினாங்கில் அதைப் படித்து
எந்த மோட்டார் சைக்கிள் நின்றிருக்கிறது?

கணினி மட்டும் நின்றது.
நான் தாண்டிப் போனேன்.
எழுத்துகள் ஓடிக்கொண்டேயிருந்தன.
வெகுதூரம் கழித்து, எவரும் படிக்காத வால்பகுதியில்
ஒரு கொண்டை ஊசி வளைவு.
தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் சாலைபோல
தன்மேல் தானே மடிந்து
திரும்பிப் பார்த்துச் சொல்கிறது:
அந்த நில், நில் அல்ல.
அங்கே செலினியம் வை.

நிலவின் பெயரை வாங்கிக்கொண்ட தனிமம்.
இருபது அமினோ அமிலங்களுக்கு அப்பால்
எந்த வரிசையிலும் சேராமல்
ஆய்தம்போல் ஒன்று.

அந்தச் சாலையோரம் டுரியான் மரங்கள்.
அவற்றின் ஆதித்தாயும் ஒரு பச்சைப் பாசிதான்.
கரையேறிய வழியில் எங்கோ
நிலவை நீரில் விட்டுவிட்டுக்
கந்தகத்தோடு சமாளித்துக்கொண்டது.
ஜூன் மாதம் மலை முழுக்க மணப்பது
அந்தப் பேரம்தான் என்று எழுத ஆசை.
உண்மை அவ்வளவு நேர்க்கோடு இல்லை,
சுஹைலா படித்தால் சிரிப்பாள்.

போத்தலுக்குள் இருக்கும் இந்த ஒற்றைச் செல்
எதையும் விடவில்லை.
வெயிலின் நஞ்சை ஆற்றும் புரதங்கள்,
இன்னும் பெயரிடாதவை,
இதுவரை முப்பத்தேழு எண்ணிவிட்டேன்.
அதன் ஒன்றுவிட்ட உறவோ
பக்கத்து ஜாடியில், அதே புரதத்தைக்
கந்தகத்தால் கட்டிச் சும்மா வாழ்கிறது.
இது பெற்றதா, அது இழந்ததா?
கிளைப்படத்தை மூன்று விதமாய் வரைந்து
மூன்றையும் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

நாலு மணிக்குக் கூ அழைத்தார்.
எது கொன்றது, மிஸ்?
செலினியம் என்று வாயெடுத்தேன்.
பிறகு,
"மூச்சுக்காற்று. ராத்திரியில் பாசியே குடித்துவிட்டது" என்றேன்.
காப்புறுதிக்காரனுக்கு வேண்டியது அந்த ஒரு வரி,
ஒரு முற்றுப்புள்ளி.

அவர் போனை வைக்கவில்லை.
குஞ்சு வாங்கிய கடன்,
புதிதாய்ப் போட்ட வலை,
மூத்தவன் ஜோகூருக்குப் போகிறேன் என்கிறான்