வசனம்: பொன்னிசக்கி

பாளையங்கோட்டை ஐகிரவுண்ட், நர்சிங் விடுதி,
அறை எண் பதினேழு. மின்விசிறிக்கு மூன்று வேகம்,
மூன்றும் ஒன்றுதான்.
எக்ஸ்ரே எடுக்கும் பிரான்சிஸ் அண்ணன்
பென்டிரைவில் தந்த கொரியப் படம்.
கீழே எழுத்து ஓடவில்லை.
‘நான் சொல்லுதேன்ட்டி’ என்றாள் பொன்னிசக்கி.
‘அந்தப் பாஷை எனக்குத் தெரியும்,
சீரியல் பாத்துப் படிச்சது.’
வள்ளியூருக்குத் தெற்கே, காற்றாலை சுற்றும் ஊர்க்காரி.
அனாடமியை இங்கிலீஷில் எழுதவே அழுகிறவள்.
நம்பினோம்.
இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு ஐந்து பேர்,
நடுவில் ஒரு பொட்டலம் காராச்சேவு.

பனி பெய்கிற ஊர். ஏரிக்கரையில் ஒற்றை வீடு.
உள்ளே ஒருத்தி.
வெளியிலிருந்து வருகிற ஒருவன்.

‘இவன் அவளுக்கு அத்தான், அக்கா மாப்பிள.
நல்லவன்னு ஊரே சொல்லும்.
கோயில் கொடைக்கு வரி பிரிக்கது இவன்தான்.’
திரையில் அவன் கோட்டைக் கழற்றுகிறான்.
‘அக்கா பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரில கெடக்கா.’
திரையில் அவள் தேநீர் ஊற்றுகிறாள்.
‘ரெண்டு தட்டு தட்டுனா அம்மை. மூணுன்னா அவன்.
இவ எண்ணிக்கிட்டே கெடக்கா, பாத்துக்கோ.
இப்ப நாதாங்கியப் போடுவா.’

கிறிஸ்டிலா தலையணையைக் கடித்துக்கொண்டாள்.
‘அக்காட்ட சொல்லிர வேண்டியதான?’
கேட்டது நான்தான்.
‘சொன்னா அக்கா எங்க போவா?’ என்றாள்.
கொஞ்சம் கழித்து,
‘அப்படின்னு சொல்லுதா.’
திரையில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

கடைசியில் உறைந்த ஏரிமேல் அவள் நடந்து போனாள்.
‘தப்பிச்சிட்டா’ என்று மூடிவைத்தாள் பொன்னி.
அன்றிலிருந்து அவளுக்குக் கொரியன் என்று பேர்.

*

பதினோரு வருடம் கழித்து நேற்று,
ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில்,
அதே கதையை அமெரிக்காக்காரன் எடுத்து
சென்னையில் யார் யாரோ தமிழ் பேசி வந்திருக்கிறது.
ஏரி அப்படியே. பனி மட்டும் இன்னும் வெளுப்பு.
அவளுக்கு இப்போது ஒரு நாய் உண்டு.
யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று
ஒரு போலீஸ்காரர் சுவரில் போட்டோ ஒட்டி
ஏழு நிமிடம் விளக்குகிறார்:
வந்தவன் இன்சூரன்ஸ் ஆள்.
அவள், புருஷனை ஏரியில் தள்ளிவிட்டு
தள்ளியதையும் மறந்துபோனவள்.
‘ச்சே, அப்பமே நெனச்சேன்’ என்று
என் வீட்டுக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார்.

நான் அத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவை.
பிறகு கதவை.
இந்த வீட்டுக்கு அழைப்பு மணி.
அந்த வீட்டுக்கு, இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது,
காகிதம் ஒட்டிய கதவு, பக்கவாட்டில் நகர்வது.
தட்டினால் கிழிந்துவிடும்.
நாதாங்கி வைக்க அதில் இடமே கிடையாது.

பைக் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போது
‘மொதப் படம் இதவிட நல்லாருக்குமோ?’ என்று கேட்டார்.
காற்றில் காது கேட்காதது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
கீழே ஆற்றில் யாரோ டார்ச் அடித்து எதையோ தேடினார்கள்.

ஒரு லீவுக்கும் ஊருக்குப் போனதில்லை அவள்.
பொங்கலுக்கு மெஸ் மூடிய நாளிலும்
தானாகக் கேட்டு வார்டு டூட்டி போட்டுக்கொள்வாள்.
மேட்ரனிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று பேசினோம்.
குளிக்கும்போது கதவைத் தட்டினால்
தண்ணீரை நிறுத்திவிட்டு
மூச்சுக்கூட விடாமல் நிற்பாள்.
‘செத்துட்டியாட்டி?’ என்று கத்தி, சிரித்து,
மறுபடி தட்டுவோம்.

ஐந்து பேர் இருந்தோம் அந்த அறையில்.
ஒரு வார்த்தை விடாமல் கேட்டோம்.
காராச்சேவு காலியானதும்
இன்னொரு பொட்டலம் பிரித்தோம்.

போனில் எண் இருக்கிறது, ‘பொன்னி கொரியன்’ என்றே.
மஸ்கட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.
அங்கே இப்போது மணி பத்து இருக்கும்.
படம் பார்த்தேன் என்று எழுதினேன். அழித்தேன்.
ஒன்றும் எழுதாமல் கொஞ்ச நேரம்.
பிறகு, ‘ஒங்க அக்கா எப்படி இருக்கா?’

ஒரு டிக் விழுந்திருக்கிறது.
விளக்கை அணைத்துவிட்டு
எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.