ஏழு மணிச் செய்திக்கு முன்

கையால் தொட்டால் இருக்கிறது.
கணினியைக் கேட்டால் இல்லை.

சிலோயே தீவில் ஐந்தாம் நாளாக மழை.
மரச்சில்லு வேய்ந்த இந்த வானொலி நிலையத்தில்
நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த ஒலி அட்டையை
இன்று பட்டியலில் காணோம்.
நெட்வொர்க் இருக்கிறது, கிராபிக்ஸ் இருக்கிறது,
எவரும் தொடாத பிரிண்டர் போர்ட்கூட இருக்கிறது.
மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்திருந்தாலாவது
பழுது என்று மனம் ஆறியிருக்கும்.
இதுவோ, வராதவனுக்கு வருகைப்பதிவில்
ஆப்சென்ட்கூடப் போடாத மாதிரி.

ரோசென்டோ கார்காமோ, அறிவிப்பாளர்,
என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறார்.
"இஸ்மேனியா, டிரைவரை மறுபடி போட்டுப் பாரேன்."
வராத ஆளுக்குத் தட்டு வைத்து என்ன, ரோசென்டோ?

மூடியைத் திறந்தேன்.
விசிறி இறக்கைகளில் விறகடுப்புப் புகை
பஞ்சாகப் படிந்திருந்தது.
அட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களை
அழிரப்பரால் தேய்த்தேன்
(என் மகனுடையது, ஒரு மூலை கடித்தது).
திரும்பச் செருகினேன். கொக்கி டிக் என்றது.
அந்தச் சத்தம் பொய் சொல்லாது என்று நினைத்திருந்தேன்.

இல்லை.

பயாஸுக்குள் போய்
'தானாக' என்றிருந்ததை 'இயக்கு' ஆக்கினேன்.
இல்லை.
பிளக்கைப் பிடுங்கி, நூறு எண்ணி, மறுபடி.
அதுவும் இல்லை.

பக்கத்து அறைக் கிழட்டுக் கணினியில் மாட்டினால்
சட்டென்று கண்விழித்தது,
பேர் சொல்லிற்று, வரிசை எண் சொல்லிற்று.
ஆக, அட்டை யோக்கியம்.
அந்தக் கணினிதான்
மூன்று நிமிடத்துக்கு மேல் உயிரோடு இருக்காது.

மணி ஐந்தே முக்கால்.
மேசையில் சீட்டுகள், கடிகாரத்தைப் பார்த்தபடி:

*அப்பியாவோ தீவு, ஓதிலியா நவெல்கினுக்கு.
அறுவை முடிந்தது. கண்கட்டை வியாழன் அவிழ்ப்பார்கள்.
ஆட்டை விற்காதே.*

*அலாவோ தீவு, எல்லாருக்கும்.
வெள்ளிப் படகு வராது. மாவு திங்கள்தான்.*

*பெயர் வேண்டாம். சரி என்று அவளிடம் சொல்லுங்கள்.
அவளுக்குத் தெரியும்.*

கைபேசிக் கோபுரம்
மலைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது.
அந்தப் பக்கத்து அடுப்படிகளில்
பேட்டரி ரேடியோக்கள் இந்நேரம் திருகப்பட்டிருக்கும்.

"நேற்று ராத்திரி என்ன செய்தாய்?" என்றார் ரோசென்டோ.
"ஒன்றுமில்லை" என்றேன்.
எல்லாரும் சொல்வது அதுதான்.

பிறகு உறைத்தது.

சூயிங்கம் பட்டை அளவில் புதுச் சேமிப்பு ஒன்றை
மதர்போர்டில் படுக்கவைத்துத் திருகியவள் நானே.
அதற்குள் முப்பது வருடச் செய்திகள்,
நாடா நாடாவாக நான் மாற்றியவை:
பிரசவங்கள், தாமதங்கள், சவப்பெட்டி அளவுகள்.

கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்,
எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இங்கே சேமிப்பு இருந்தால் அங்கே ஸ்லாட் அணையும்.
இரண்டுக்கும் ஒரே பாதையாம்.
மிச்சமிருந்த ஸ்லாட்டின் மேல்
கிராபிக்ஸ் அட்டை தடித்துப் படுத்திருக்கிறது.

ஒரு திருகைத் தளர்த்தி
முப்பது வருடத்தை விரல் நுனியில் எடுத்தேன்.
தீப்பெட்டி கனம்கூட இல்லை.
வந்த வெள்ளிப் பையிலேயே போட்டு
மாத்தே குடுவைக்குத் தள்ளி வைத்தேன்,
ஈரம் ஆகாது.

பொத்தான்.
விசிறி இருமிற்று.
பட்டியலில் ஒன்பதாம் வரி,
எங்கும் போகாதது போல் அங்கே.

ரோசென்டோ நன்றி சொல்லவில்லை, தொண்டையைச் செருமினார்.
சிவப்பு விளக்கு.
"அப்பியாவோ தீவு, ஓதிலியா நவெல்கினுக்கு..."
திரையில் பச்சைக் கோடுகள் துள்ளின,
'ஆட்டை' என்ற இடத்தில் கொஞ்சம் உயரமாக.

பெயரில்லாத சீட்டை இரண்டு முறை வாசித்தார்.
நான் தரையில் முழங்காலிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்,
மூடியின் நாலு திருகில்
ஒன்றைக் காணோம்.