அரைநாள் சவாரி

நாலாயிரம் என்றேன். மூவாயிரத்துக்கு இறங்கினேன்.
கோட்டை, கோயில், கன்னியா, திரும்ப ஜெட்டி.
ஒவ்வொரு ஆட்சிக்கும் ஐந்து நிமிடம்
என்பது என் கணக்கு.
பறங்கிக்கு மட்டும் ஏழு,
கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டியதால்.

பெயர் மாரெட். தாலினில்
முப்பது வருஷம் டிராம் ஓட்டி ஓய்ந்தவள்.
பின்சீற்றில் இருந்துகொண்டே
ஒவ்வொரு திருப்பத்திலும்
இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தாள்.

கோட்டை வாசலில்
கல்லில் செதுக்கிய மீனைக் காட்டினேன்.
பிறகு விரல் மடக்கி ஒப்புவித்தேன்:
பறங்கி, ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன்,
மறுபடி ஒல்லாந்தன், வெள்ளைக்காரன்.
கை முடிந்தது.
"டேனிஷ்காரர்?" என்றாள்.

அவர்களை நான் சொல்வதில்லை.
வந்தார்கள், சில மாதம் மலையில் கல் அடுக்கினார்கள்,
போனார்கள்.
காட்ட ஒன்றும் விட்டுப்போகாதவனுக்கு
எப்படி ஐந்து நிமிடம் கொடுப்பது?

அவள் சிரித்த சிரிப்பில்
மரத்தடி மான் ஒன்று
மென்றுகொண்டிருந்த லஞ்ச் சீற்றைக் கீழே போட்டது.
"டேனியர் கோட்டை என்றுதான்
என் ஊர்ப் பெயருக்கே அர்த்தம்.
அவர்கள் விற்றுவிட்டுப் போய் அறுநூறு வருஷத்துக்கு மேல்.
பெயர் இன்னும் புறப்படவில்லை."

சென்றியில் நின்றவன் பொடியன்.
அவளுக்கு "வெல்கம்" என்றான்.
என்னிடம் அடையாள அட்டை கேட்டான்.
எப்போதும் கேட்பதில்லை, அன்று கேட்டான்.
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
படத்தில் இருந்தவனுக்குத் தலைமுடி இருந்தது.
பிறந்த இடம் திருகோணமலை என்று
அதில் போட்டிருக்கிறது.
"ஹரி" என்றான்.

கோணேசரைக் கும்பிட்டு வந்து
தூணைக் காட்டினேன்.
காதலன் கப்பலேறியதும்
ஒல்லாந்தப் பெண் ஒருத்தி குதித்த இடம்.
சில நாள் குதிப்பாள், சில நாள் குதிக்கமாட்டாள்,
வந்தவர் முகத்தைப் பார்த்து நான் முடிவுசெய்வது.
அன்று குதிக்கவில்லை.
இராவணன் வெட்டில், வாளால் பிளந்தான் என்னும்போது
கையை ஓங்கி வீசுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.
அதையும் வீசவில்லை.
குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல்
படியில் இடறியது.

கன்னியா வேண்டாம் என்றாள்,
கடல் பக்கம் நிறுத்து.
டச்பே மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் இறங்காமல் நின்றாள்.

"நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது
எங்கள் கடலுக்குக் கம்பிவேலி.
மாலையானால் சிப்பாய்கள் வந்து
மணலை வாரிவிடுவார்கள்,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி.
விடிந்ததும் வந்து பார்ப்பார்கள்,
இரவில் யாருடைய பாதம் கடலுக்குப் போயிற்று என்று.
நாய் நடந்தாலும் தெரியும்.
அப்பாவிடம் ஒரு படகு இருந்தது.
அதை ஒரு பனிக்காலம் முழுக்க எரித்தோம்."

இங்கே மணலை வாரவில்லை. துண்டு தந்தார்கள்.
கடலுக்குப் போக ஒரு துண்டு,
திரும்பிவர அதே துண்டு.
மரியநேசன் ஒருநாள் அலையில் அதை நனைத்துவிட்டான்,
மை கரைந்து அவன் பெயர் போயிற்று.
கரையில் நிறுத்திவைத்தார்கள்,
படகு நிறைய அறக்குளா
வெயிலில் கண் வெளுத்து மணக்கும்வரை.

இது என் சவாரியில் இல்லாத கதை.
இதற்கு இங்கிலீஷ் வைத்திருக்கவில்லை.
கையால் சொன்னேன்: துண்டு, அலை, மை, மீனின் கண்.
இராவணனுக்கு எழாத கை
பாட்டுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தது.
மாரெட் தலையாட்டவில்லை, ஐயோ என்கவில்லை.
ஒருமுறை மட்டும்
காலால் பிரேக் மிதித்தாள், மணலில்.

ஜெட்டியில் நாலாயிரமாகவே தந்தாள்.
மிச்சத்துக்குச் சட்டைப்பையைத் தடவினேன்,
இல்லாதது போல.

இரவு ஆட்டோ கழுவும்போது
பின்சீற்றுக் காலடியில் அரைச் சிரட்டை மணல்.
நாளைக்கு எட்டு மணிக்கு ஜெர்மன்காரர் நாலு பேர்.
டேனிஷ்காரருக்கு இரண்டு நிமிடம் வேண்டும்.
பறங்கியிடம் எடுக்கலாம்.