வைக்கோல் கணக்கு

ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு துரும்பு.
சட்டம் போட்டது நான்தான்.
திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு
பூசை முடிந்து வந்த வேகத்தில்,
பாலன் படுக்க மெத்தை வேண்டாமா என்று.

குறும்பனையில் நெல்லேது, வைக்கோலேது?
பால்காரர் தாணு தந்தார்.
வீட்டுச் செவலைப் பசுவின் பங்கில் ஒரு பிடி குறைத்து
பேப்பரில் சுருட்டி,
“தொழுவம்னா மாட்டுக்க வைக்கோல்தானே வேணும்” என்றார்.

பழைய ஐஸ்பெட்டிமேல் குடில்.
பனையோலைக் கூரை, கறுத்த மணல் முற்றம்,
சிரட்டையில் முளைத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்த நெல்.
ஜெபின் நோட்டுப் போட்டான்:
தேதி, பெயர், காரியம், துரும்பு.
குழாயடிக்குக் குடம் எடுத்தது, ஒன்று.
தங்கச்சியை அடிக்காமல் விட்டது, ஒன்று.
(இதையெல்லாம் சேர்க்கலாமா?
கேட்கவில்லை நான்.)

ரினிஷாவுக்கு ஐந்து வயது.
பத்தாம் நாள் அவள் பெயருக்கு நேரே மூன்று.
தொட்டியிலோ குவியல்.

“கள்ளி. எம்மா, எண்ணிப் பாரு,
நாப்பத்தொண்ணு கூடுதல்.”

குரலைக் கொஞ்சம் கடுமையாக்கித்தான் கேட்டேன்,
எதுக்கு மக்களே?
உதட்டைக் கடித்தாள். கையைப் பின்னால் ஒளித்தாள்.
“மூணு துரும்புல கெடந்தா
பிள்ளைக்கு முதுகு குத்தும்லா.”

நாங்கள் நல்லவர்களாகாத நாளில்
வெறும் பலகையில் கிடக்கட்டும் என்றா
சொல்லியிருந்தேன் நான்?

ராத்திரி கொச்சித் துறைமுகத்திலிருந்து
அவர் போன் செய்தபோது இதைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும், கடலோ சிக்னலோ.
பிறகு,
“பிள்ளை சொல்லுதது சரிதான்.
போட்டுல எனக்கும் முதுகுவலிதான்.”
ஜெபினுக்குச் சட்டை எடுத்தாச்சா என்றார். வைத்துவிட்டார்.

நோட்டை ஜெபின் கிழிக்கவில்லை.
புதுசாய் ஒரு வரி எழுதியிருந்தான்:
கூடுதல், நாற்பத்தொன்று.
பெயர் என்ற இடத்தில் ஒன்றுமில்லை.
அழித்து அழித்துத் தாள் மட்டும் மெலிந்திருந்தது.

நள்ளிரவுப் பூசை முடிந்து
தூக்கத்தில் தள்ளாடி வந்த இருவரும் பார்க்க,
அரிசிப்பானைக்குள் துணி சுற்றி வைத்திருந்த பாலனை
எடுத்துக் கிடத்தினேன்.
அமிழ்ந்து போனார்.
மூக்கும் ஒரு கால்விரலும்தான் வெளியே.

“மூச்சு முட்டும்” என்று பதறி
ரினிஷா ஒரு பிடி உருவினாள்.
அதைக் கீழே வைக்கவேயில்லை,
பிடித்தபடியே தூங்கினாள்.

விடிந்து தாணுவின் சைக்கிள் மணி கேட்டதும்
வாசலுக்கு ஓடி நீட்டினாள்:
“பசுவுக்கு.”

ஜெபின் நோட்டோடு வந்து நின்றான்.
எம்மா, இது போட்ட கணக்கா, எடுத்த கணக்கா?
நான் பால் செம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.