விபத்துப் பாரம்

லெங்கோங் சடக்கோரம், செம்பனை ஆபிஸில்
மதியம் மூன்று மணிக்கு வந்தாள் குணவதி.
இடது கையில் துணிச்சுற்று.
துணியில் காய்ந்த ரத்தம்,
அதன்மேல் மாவுபோல் வெள்ளைச் சாம்பல்.

நான் இங்கே கிராணி.
சொக்சோவுக்குப் பாரம் நிரப்புவது என் வேலை.

காயம் ஏற்படுத்திய கருவி எது?
“கல்லு.”
கல்லில் விழுந்தாயா?
“விழல. கல்லுதான் வெட்டிருச்சு.”

பதினேழாம் நம்பர் காடு.
மறுநடவுக்குக் கிழமரம் சாய்த்தபோது
வேருக்கடியில் ஏதோ தெரிய,
பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வந்து
கயிறு கட்டிச் சதுரம் சதுரமாய்த் தோண்டுகிறார்கள்.
மண் சலிக்க நம் ஆள் ஐந்து பேர்.
நாளுக்கு எழுபது வெள்ளி, பசியாற ரொட்டி.
உதிரிப்பழம் பொறுக்குவதற்கு இது மேல் என்று
முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தவள் இவள்.

கருவி தயாரித்த ஆண்டு?
சிரித்துவிட்டாள்.
“எழுபதாயிரம் சொச்சம்னு ஹஸ்லீனா சொன்னிச்சு.
அந்தச் சாம்பல்கூட கடலுக்கு அந்தாண்ட
ஏதோ மலை வெடிச்சுப் பறந்து வந்ததாம்.”
பாரத்தில் நான்கு கட்டம்தான் இருந்தது.

டிரெசர் இருதயராஜ் கேட்டாராம், துருவா என்று.
கல்லுக்கு ஏது துரு?
எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி போட்டுவிட்டார்.

கருவி இயங்கும் முறையை விளக்குக.
இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
அடிக்க ஓர் ஆற்றுக்கல், உள்ளங்கைக்கு அடங்கியது.
அடிபட இன்னொன்று, தொடைமேல்.
முதலில் தட்டிக் கேட்கணும்.
கணீரென்றால் எடு.
பொத்தென்றால் உள்ளே விரிசல், வீசு.
நடுவில் போட்டால் கைதான் வலிக்கும்.
விளிம்பைப் பார்த்து, சரிவாக, ஒரே போடு.
கீழ்ப்பக்கம் சில்லு கழன்று விழும்.
கையில் மிஞ்சுவதல்ல,
விழுந்ததுதான் கத்தி.
ஹஸ்லீனா பதினொரு கல்லைப் பாழாக்கினாளாம்.
இவளுக்கு மூன்றாவதிலேயே வந்துவிட்டது.
அதை வைத்து மூங்கில் சீவியிருக்கிறார்கள்,
தோல் உரிக்கும் சத்தத்தோடு சுருள் சுருளாய் வந்ததாம்.
“மூங்கில்ல அவங்க என்னென்ன செஞ்சாங்களோ,
அதெல்லாம் மக்கிப் போச்சு கிராணி.
கல்லு மட்டும்தான் கெடைக்குது நமக்கு.”

அந்தக் கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
‘உடைத்தல், சீவுதல்’ என்று எழுதினேன்.

நேரில் கண்ட சாட்சி?

விசிறி சுற்றுவதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு குரல் இறங்கியது.
சலிக்கும்போது வெட்டவில்லையாம்.
மண்ணைச் சுரண்டி முடித்த குழியில்
சில்லுகள் எல்லாம் அரைவட்டமாய்ச் சிதறிக் கிடக்க
நடுவே ஒரே ஓர் இடத்தில்
ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.
ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி
ஓர் ஆள் உட்காரும் அளவு.
“உதிரிப்பழம் பொறுக்கிட்டு நான் உக்காருவேனே,
அதே மாதிரி.”
எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம்
கயிற்றைத் தாண்டி இறங்கி
அதில் உட்கார்ந்து பார்த்தாளாம்.
சரியாக இருந்ததாம், நீட்டிய கால் உட்பட.
மேலேயிருந்து ஹஸ்லீனா கத்த
பதறி எழுந்தவள் கையை ஊன்றினாள்.

தடைசெய்யப்பட்ட பகுதியில் இருந்தாரா என்று
அடுத்த கேள்வி தயாராய் நின்றது.
ஆம் என்றால் ஒரு வெள்ளியும் வராது.
இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
சம்பவம்: மண் சலிக்கும்போது.
கருவி: கத்தி.
தயாரித்தவர்: தெரியவில்லை.
சாட்சி என்ற இடத்தை
காலியாகவே விட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.
வெளியே பழக்குலை லாரி எடை போட நின்றது.
“எத்தனை நாள் எம்சி?”
மூன்று நாள், என்றேன்.
வாசல்வரை போனவள் திரும்பினாள்.
“அந்த ஆளும் அங்க உக்காந்து
கையை வெட்டிக்கிட்டிருக்கும்ல கிராணி?”