இடது உள்ளங்கை

ஏழு பூச்சு மெழுகு.
பூசி, வெள்ளையாய் மங்கும்வரை காத்திருந்து,
பருத்தித் துணியால் வட்டம் வட்டமாய்த் தேய்த்து,
கூரையின் குழல்விளக்கு
அச்சுக்குள் கோணாமல் நீண்டு தெரிந்தால்
அடுத்த பூச்சு.
கிளைடர் இறக்கையின் கீழ்ப்பாதி அச்சு அது,
எட்டு மீட்டர் நீளம்.
என் வேலை இவ்வளவுதான்:
ஒட்டக் கூடாது.

பட்டறையில் மற்ற எல்லோரும்
ஒட்டவைக்கச் சம்பளம் வாங்குகிறார்கள்.

வெளியே நேமுனாஸ் ஆறு
லாரி ஏறினாலும் தாங்கும்போல் உறைந்து கிடந்தது.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி குறையாமல்
காவல் காத்தோம்.
வெள்ளைப் பூச்சை முதலில் தெளித்தோம்.
அதன்மேல் கார்பன் நெசவு,
ஈரச் சாலை போல் கருப்பு.
ரிம்விதாஸ் பிசினைக் கிராம் பிசகாமல் நிறுத்துக் கலந்தான்.
மேலே பிளாஸ்டிக் உறை; பம்பு
காற்றை உறிஞ்ச உறிஞ்ச
நனைந்த சட்டை முதுகைப் பிடிப்பதுபோல்
உறை நெசவைப் பிடித்தது.
இரவு முழுக்கச் சூடு.

பிறகு உத்தரம், விலா, கட்டுப்பாட்டுத் தண்டுகள்.
மேல் அச்சைக் கவிழ்த்துக் கீழ் அச்சோடு மூடி
இரு பாதியையும் ஒட்டினார்கள்,
ஆயுளுக்கும் பிரியாதபடி.
அந்தப் பசைக்கு நானூறு யூரோ.
என் மெழுகுக்கு முப்பத்தொன்று.

பதினோராம் நாள் திறந்தோம்.
மேல் அச்சு
ஒரு பெருமூச்சு போல எழும்பியது.
கீழ் அச்சு விடவில்லை.
பிளாஸ்டிக் ஆப்பு வைத்தோம், காற்று அடித்தோம்,
நான்கு பேர் தூக்கினோம்.
நுனி வந்தது, வால்விளிம்பு வந்தது,
அடிப்பக்கம், நடுவில் எங்கோ,
உடும்புப்பிடி.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்கு
அவ்வளவு முயற்சி தேவைப்பட்டது அவர்களுக்கு.

‘ஏழு வயதில்,’ என்றான் ரிம்விதாஸ்,
‘பாலத்துக் கைப்பிடியை நாக்கால் தொட்டேன், ஜனவரி.
இருபது நிமிடம்
பாலத்தோடு பேசிக்கொண்டு நின்றேன்.’
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவன் போய்ப் பெரிய கதவைத் திறந்தான்.
மைனஸ் பத்தொன்பது உள்ளே வந்தது,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

‘கார்பன் சுருங்காது. அச்சு கண்ணாடியிழை, அது சுருங்கும்.
அன்று ஒட்டிய குளிர்
இன்று பிரிக்கட்டும்.’

கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றோம்.
தேநீர் ஆறியது.
ஔஷ்ரினே கணக்கறையிலிருந்து எட்டிப் பார்த்து
ஹீட்டர் பில்லைப் பற்றி ஏதோ சொல்லி,
எங்கள் முகங்களைப் பார்த்து,
சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.
நாற்பதாவது நிமிடம்
ஆற்றுப் பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை,
ஆனால் அறைக்குள்.

தூக்கினோம். வந்துவிட்டது.
திருப்பிப் பார்த்தோம்:
வெள்ளை வயிற்றில் கருப்பாக ஓர் ஓட்டை,
ஐந்து விரல், சற்று விரிந்து.
அச்சின் தரையில் அதே கை
வெள்ளையாக.

எனக்கு உடனே தெரிந்தது.
எதிர்விளிம்புக்கு எட்ட வேண்டுமென்று
ஏழு முறையும்
அதே இடத்தில் இடது கையை ஊன்றினேன்.
வலது கை பூசியதை
இடது கை வியர்வையோடு எடுத்துக்கொண்டது.
நாடா ஒட்டிச் சோதித்தேன்தான்,
நான்கு மூலையிலும்.
நடுவில் நான் இருந்தேன்.

ரிம்விதாஸ் என் கையைப் பிடித்து
அந்த ஓட்டையில் வைத்தான்.
பொருந்தியது. மோதிர விரலின் வளைவுகூட.
‘ஜிவிலே, கையெழுத்துப் போடக் கேட்டிருந்தால்
பேனா தந்திருப்போமே.’
இப்போது சிரித்தார்கள். நானும்,
கொஞ்சம் தாமதமாக.

இறக்கைக்குப் புதுப் பூச்சு, மூன்று நாள்.
அச்சிலிருந்த கையை
மரச் சுரண்டியால் நானே எடுத்தேன்,
விரல் விரலாக. சுண்டுவிரல்
கடைசிவரை வர மறுத்தது.

இப்போதெல்லாம் குறுக்கே பலகை போட்டு
அதன்மேல் குப்புறப் படுத்துப் பூசுகிறேன்.
மூலை, நடு, அடி என்று
பத்து இடத்தில் நாடா ஒட்டுகிறேன்.
விரலால் அழுத்திவிட்டுக் கையை எடுத்து
மூச்சுப் பிடித்துக் கிடக்கிறேன்.
முதல் நாடாவின் ஓரம்
தானாகச் சுருளத் தொடங்கும்வரை.